உலாவி இலவசம், உலாவுகிறவர் விற்பனைக்கு!

புதுக்கோட்டை டவுனில் தடுக்கி விழுந்தால் ப்ரௌசிங் சென்டர் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. மொபைல் டேட்டா வந்து பல கடைகளுக்கு ஷட்டரை இறக்கிவிட்டது. மிச்சமிருப்பவை ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று கலந்துகட்டி ஓடுகின்றன. மூலையில் இரண்டு மூன்று கணினிகள். சாதாரண நாட்களில் ஈ ஓட்டும் அந்த மூலை, குரூப் 4 விண்ணப்பத்தின் கடைசி நாளில் திருவிழாக் கூட்டமாகிவிடும். அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் பொன்னமராவதியிலும் இதே கதைதான்.

அங்கே நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். விண்ணப்பிக்க வந்தவர் நாற்காலியில் உட்காருவதில்லை, பக்கத்தில் நிற்கிறார். தட்டச்சு செய்வது கடைக்காரர். பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ் எண், ஆதார் எண், மொபைல் எண் எல்லாம் வாய்விட்டுச் சொல்லப்படுகின்றன. ஓ.டி.பி. வந்ததும் அதுவும் சத்தமாக! பின்னால் வரிசையில் நிற்கும் பத்துப் பேரும் ஓசியில் கேட்டுக்கொள்ளலாம். கடைசியில் குரோம் ஒரு சின்னப் பெட்டியை நீட்டி, கடவுச்சொல்லைச் சேமித்து வைக்கட்டுமா என்று பணிவாகக் கேட்கிறது. கடைக்காரர் யோசிக்காமல் 'சரி'யை அழுத்துகிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அடுத்த மாதம் ஹால் டிக்கெட் எடுக்க வரும்போது இதே ஆள் "பாஸ்வேர்டு மறந்துபோச்சுண்ணே" என்று தலையைச் சொறிவார் என்பது அவருக்கு அனுபவப் பாடம்.

இந்த இடத்தில் வரிசையிலிருந்து ஒரு விவரமான குரல் வரும்: "இன்காக்னிட்டோல போடுங்கண்ணே, சேஃப்!"

அந்த விவரத்துக்கு ஒரு கும்பிடு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பதற்கு இணையத்தில் வைத்த பெயர்தான் இன்காக்னிட்டோ.

அது செய்வது ஒரே ஒரு வேலை. சாளரங்களை மூடியதும், பார்த்த பக்கங்களின் பட்டியலையும் குக்கிகளையும் அந்தக் கணினியிலிருந்து துடைத்துவிடும். அண்ணன் தேடியதைத் தம்பி பார்க்காமல் இருக்க அது போதும். போய்ப் பார்த்த தளத்துக்கு வந்த ஆள் தெரியும். இணைப்பு கொடுக்கும் நிறுவனத்துக்கு எந்தத் தளத்துக்குப் போனார் என்பது தெரியும். கூகுளுக்கு? அதற்கும் தெரிந்தது என்பதுதான் 2020 ஜூனில் கலிஃபோர்னியாவில் தொடுக்கப்பட்ட வழக்கின் குற்றச்சாட்டு. மறைநிலை என்று சொல்லிவிட்டு, அந்த நிலையிலும் தன் விளம்பர, அளவீட்டுக் கருவிகள் வழியாகக் கூகுள் தகவல் சேகரித்தது என்று வழக்காடியவர்கள் கேட்டது 500 கோடி டாலர். 2023 டிசம்பரில் சமரசம். பல நூறு கோடிப் பதிவுகளை அழிப்பதாகக் கூகுள் ஒப்புக்கொண்ட விவரம் 2024 ஏப்ரலில் வெளிவந்தது. அந்தச் சமரசத்தில் பயனர்களுக்குக் கிடைத்த பணம் பூஜ்யம். இடையில் 2024 ஜனவரியில் இன்காக்னிட்டோவின் முதல் பக்க வாசகத்தையும் சத்தமில்லாமல் திருத்தினார்கள். தளங்களும், கூகுள் உட்பட அவை பயன்படுத்தும் சேவைகளும் தகவல் சேகரிக்கும் முறை இதனால் மாறாது என்று இப்போது அங்கேயே எழுதியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

ப்ரௌசிங் சென்டருக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. 2011-இல் மத்திய அரசு கொண்டுவந்த சைபர் கஃபே விதிகளின்படி, வருபவரின் அடையாளச் சான்றைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். அந்தக் கணினிகளில் எந்தெந்தத் தளம் திறக்கப்பட்டது என்ற விவரமும் ஓராண்டு இருக்க வேண்டும். தடுப்பின் உயரம் நாலரை அடியைத் தாண்டக்கூடாது. தடுப்புக்குள் இல்லாத கணினியின் திரை பொது இடத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். மாதா மாதம் 5-ஆம் தேதிக்குள் அறிக்கை வேறு. இதெல்லாம் எத்தனை கடைகளில் ஒழுங்காக நடக்கிறது என்பது அந்தந்தக் கடைக்காரருக்கே வெளிச்சம். ஆனால் சட்டம் ஒரு பக்கம் எழுதி வை என்கிறது, இன்காக்னிட்டோ மறுபக்கம் மறைத்துவிட்டேன் என்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை.

"எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு? நான் என்ன திருடனா?" என்பது அடுத்த அஸ்திரம். கல்லூரி கேண்டீனில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. திருடர்களுக்குத்தான் மறைப்பு தேவை என்றால் வீட்டுக் கழிப்பறைக்குக் கதவு எதற்கு? இலுப்பூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அண்ணனின் மொபைலை இரவல் வாங்கி, மாதவிடாய் தள்ளிப்போவது பற்றித் தேடும் பெண் எந்தக் குற்றமும் செய்யவில்லை. மறுநாள் அண்ணனின் திரையில் கர்ப்ப மருந்து விளம்பரம் வந்து நின்றால் அவள் கதி என்ன? சாதிக் கொடுமைக்கு எதிராக எந்தச் சட்டப் பிரிவில் புகார் கொடுக்கலாம் என்று தேடுபவர், கல்குவாரி வெடியால் வீட்டுச் சுவர் விரிந்ததற்கு மனு எழுத வழி தேடுபவர், ஜெகதாப்பட்டினத்தில் படகுக் கடனை அடைக்க முடியாமல் வழி தேடுபவர் என எல்லாருக்கும் மறைக்க நியாயமான காரணம் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன புட்டசாமி தீர்ப்பு திருடர்களுக்காக எழுதப்பட்டதல்ல.

இந்த மாவட்டத்துக்கு இது புதிதாகப் புரிய வேண்டிய விஷயமும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு, ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கல் உடைக்கும் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஹேண்டில்பாரைப் பிடித்தார்கள். யார் தயவும் இல்லாமல், யாரிடமும் சொல்லாமல், போக வேண்டிய இடத்துக்குப் போகலாம் என்பதுதான் அந்தச் சைக்கிளின் மகிமை. இன்றைய தலைமுறைக்கு உலாவிதான் அந்தச் சைக்கிள். ஆனால் பின் கேரியரில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்துகொண்டு, எங்கே நின்றாள், எவ்வளவு நேரம் நின்றாள், யார் வீட்டு வாசலில் மணி அடித்தாள் என்று நோட்டுப் போட்டுக்கொண்டே வருகிறார். கேட்டால் சைக்கிள் இலவசமாகத்தானே கொடுத்தோம் என்கிறார்.

அந்த இலவசத்தின் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். ஐஃபோனின் சஃபாரி உலாவியில் தன் தேடுபொறியே முதலில் இருக்க வேண்டும் என்பதற்காக 2022-இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர். இது அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த ஏகபோக வழக்கில் வெளிவந்த கணக்கு. கூகுள் ஏகபோக நிறுவனம்தான் என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்புச் சொன்னார். குரோமை விற்கச் சொல்வாரோ என்ற பேச்சு அடிபட்டபோது, 2025 ஆகஸ்டில் பெர்ப்ளெக்ஸிட்டி என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் அதை 3,450 கோடி டாலருக்குக் கேட்டது. (விற்கத் தேவையில்லை என்று அடுத்த மாதமே நீதிபதி சொல்லிவிட்டார்.) ஒரு பைசா வாங்காமல் கொடுக்கும் பொருளுக்கு 3,450 கோடி டாலர்! பொருளுக்கா அந்த விலை? பொருளைக் கையில் வைத்திருப்பவர்களுக்குத்தான்.

எனவே உலாவியைத் தேர்ந்தெடுக்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேகம் எவ்வளவு, தோற்றம் எப்படி என்பதல்ல. இதைச் செய்தவருக்குச் சோறு போடுவது யார்? யாரும் எதையும் மாற்றாமல் வாங்கியபடியே வைத்திருந்தால் இது என்ன செய்கிறது? இந்த இரண்டும்தான். இரண்டாவது கேள்வி மிக முக்கியம். ஏனென்றால் கடைக் கணினியிலும் அப்பாவின் மொபைலிலும் யாரும் அமைப்புகளுக்குள் போய் எதையும் மாற்றுவதில்லை.

இந்த இரண்டு கேள்விகளையும் குரோமிடம் கேட்டால் கிடைக்கும் பதில் ஒரு மெகா சீரியல். ஒரு தளத்தில் இருக்கும்போது வேறொரு நிறுவனம் வைத்துப் பின்தொடரும் மூன்றாம் தரப்புக் குக்கிகளை இரண்டு ஆண்டுகளில் ஒழிப்பதாகக் கூகுள் அறிவித்தது 2020 ஜனவரியில். 2021-இல் தவணை 2023-க்குப் போனது. 2022-இல் கேட்டால் 2024. 2024 ஏப்ரலில் கேட்டால் 2025. அதே 2024 ஜூலையில், ஒழிக்கப் போவதில்லை, பயனரையே கேட்டுக்கொள்கிறோம் என்றார்கள். 2025 ஏப்ரலில், கேட்கவும் போவதில்லை என்று முடித்துவிட்டார்கள். சுபம்! சஃபாரி இதே குக்கிகளை 2020 மார்ச்சிலேயே முழுதாகத் தடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2019 செப்டம்பரில் தெரிந்த பின்தொடர்பாளர்களின் குக்கிகளைத் தடுக்கத் தொடங்கி, 2022 ஜூனில் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி ஜாடியில் அடைக்கும் முறையைத் தானாகவே இயங்கும்படி வைத்தது. முடியாத காரியமல்ல. விளம்பரத்தில் பிழைப்பவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். போதாததற்கு நீட்சிகளின் விதியை மாற்றி, ரேமண்ட் ஹில் உருவாக்கிய யூப்ளாக் ஆரிஜின் என்ற அருமையான தடுப்பானை 2024-25-இல் குரோமிலிருந்து வெளியேற்றியும் ஆயிற்று. பாதுகாப்புக்காகத்தான் மாற்றினோம் என்கிறார்கள். இருக்கலாம். நரி பரிசல் ஓட்டினாலும் கோழிகள் ஏறி உட்காரத்தான் செய்யும்.

அதற்காகச் சீன உலாவிகளுக்குப் பரிவட்டம் கட்ட வேண்டியதில்லை. டூஜி காலத்தில் டேட்டாவை மிச்சம் பிடிக்கிறது என்று யூசி ப்ரௌசரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது இந்த ஊரும்தான். இந்தியக் கைப்பேசிகளில் அது குரோமையே முந்தியிருந்த ஆண்டுகள் உண்டு. 2015 மே மாதம் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் அதைப் பிரித்துப் போட்டு ஆராய்ந்தது. யூசியின் சின்னம் அணில் என்பதால் அறிக்கைக்கே வாயாடி அணில் என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். தேடும் சொற்கள் குறியாக்கமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. சீன மொழிப் பதிப்பில் இருப்பிடமும் கைப்பேசியின் அடையாள எண்களும்கூட எளிதில் உடைக்கக்கூடிய பூட்டோடு போயின. 2020 ஏப்ரலில் ஷாவ்மியின் உலாவி இதே வேலையை மறைநிலையிலும் செய்கிறது என்று ஃபோர்ப்ஸ் எழுதியது. நிறுவனம் முதலில் மறுத்தது, சில நாட்களில் அதை நிறுத்திவைக்க ஒரு பொத்தானைச் சேர்த்தது. 2020 ஜூன் 29-இல் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் யூசியும் இருந்தது. ஆனால் அந்தத் தடைக்குக் காரணம் எல்லை மோதல் சூடு. உலாவி உளவு பார்ப்பதை மக்களுக்கு யாரும் விளக்கவில்லை. எனவே சீனாக்காரன் எடுத்தால் உளவு, அமெரிக்காக்காரன் எடுத்தால் சேவை என்ற விசித்திரமான புரிதலோடு எல்லாரும் குரோமுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

இப்போது மூன்றாவது அலை அடிக்கிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

'நம்ம ஆள்' அலை!

மேலே குரோமுக்கு விலை பேசிய பெர்ப்ளெக்ஸிட்டியின் தலைவர் அரவிந்த் ஸ்ரீனிவாஸ் சென்னைக்காரர், ஐ.ஐ.டி. மெட்ராஸ் படிப்பு. 2025 ஜூலையில் ஏர்டெல் தன் 36 கோடி வாடிக்கையாளர்களுக்கும் பெர்ப்ளெக்ஸிட்டி ப்ரோவை ஓராண்டு இலவசமாக அறிவித்ததும் கல்லூரிகளில் பாதிப் பேர் மொபைலில் அது ஏறிவிட்டது. அந்த நிறுவனத்தின் உலாவி காமெட். 2025 அக்டோபரில் அதுவும் எல்லாருக்கும் இலவசமானது. தமிழன் செய்த உலாவி என்று ஃபார்வர்டு மேல் ஃபார்வர்டு. சரி, அதன் நோக்கம் என்ன? 2025 ஏப்ரலில் ஒரு பாட்காஸ்டில் அவரே சொன்னார்: உலாவி செய்வதற்கு ஒரு காரணம், தங்கள் செயலிக்கு வெளியே பயனர் செய்வதையும் அறிந்துகொள்வது. என்ன வாங்குகிறார், எந்த ஓட்டலுக்குப் போகிறார் என்பதெல்லாம் ஆளை நன்றாகப் புரிந்துகொள்ள உதவும், அதை வைத்து ஆளுக்கேற்ற விளம்பரம் காட்டலாம் என்று. சர்ச்சை கிளம்பியதும், வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று விளக்கம் வந்தது. ஒளிவுமறைவில்லாமல் பேசியதற்கு அவரைப் பாராட்டலாம். பாராட்டிவிட்டு உலாவியை இறக்காமல் இருக்கலாம்! இது போக, ஒரு வலைப்பக்கத்தில் ஒளித்து வைத்த கட்டளையைக் காமெட்டின் உதவியாளர் எசமான் சொன்னதாக நினைத்துச் செய்துவிடும் ஓட்டையை 2025 ஆகஸ்டில் பிரேவ் நிறுவனம் காட்டியது. பிரேவ் போட்டிக் கடைதான். ஆனாலும் ஓட்டை ஓட்டைதான். மின்னஞ்சலும் வங்கியும் திறந்திருக்கும் உலாவியில், அடுத்தவன் பேச்சைக் கேட்கும் உதவியாளர் இருப்பது வீட்டுச் சாவியை வெகுளியான வேலைக்காரனிடம் கொடுத்த மாதிரி.

உலா விஷயம் வேறு. பெயரே தமிழ். செய்தது ஸ்ரீதர் வேம்புவின் சோஹோ. வெளிவந்தது 2023 மே. மத்திய மின்னணு அமைச்சகம் 2023 ஆகஸ்டில் அறிவித்த இந்திய உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசு ஒரு கோடி ரூபாயை வென்றதும் அதுதான். முதல் கேள்வியில் உலா நன்றாகவே தேறுகிறது. சோஹோ மென்பொருளை விற்றுச் சாப்பிடும் நிறுவனம், விளம்பரத்தை விற்று அல்ல. விளம்பரங்களையும் பின்தொடர்பாளர்களையும் தடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. குரோமிலிருந்து உலாவுக்கு மாறுகிறவர் நஷ்டப்பட மாட்டார். இவ்வளவும் உண்மை.

ஆனால் அதன் அடித்தளம் குரோமியம், அதாவது கூகுள் முன்னின்று நடத்தும் திறமூலத் திட்டம். தப்பில்லை, பிரேவும் எட்ஜும் அதே குரோமியம்தான். சொந்த மண்ணில் விளைந்தது என்று மேடையில் முழங்குவதற்கு முன்னால் வேர் எந்த மண்ணில் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. 2025 செப்டம்பர், அக்டோபரில் இதே நிறுவனத்தின் அரட்டை செயலியைச் சுதேசி உற்சாகத்தில் லட்சக்கணக்கானோர் இறக்கினார்கள். வாட்ஸப்பை விட்டு வந்த அவர்களில் எத்தனை பேர், அப்போது அரட்டையின் எழுத்துச் செய்திகளுக்கு முனைக்கு முனை குறியாக்கம் இல்லை என்பதைக் கேட்டுவிட்டு வந்தார்கள்?

புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குச் சொந்தமாக அம்மன் காசு இருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், திருப்பினால் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. சொந்த ஊர் அம்மன் இருக்கிறாளே என்று எந்தச் செட்டியாரும் காசைத் திருப்பிப் பார்க்காமல் கல்லாவில் போட்டிருக்க மாட்டார். உலாவியையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

திருப்பிப் பார்த்தால் தெரிவது அந்தப் போட்டியின் ஒரு நிபந்தனை. போட்டியில் கலந்துகொள்ளும் உலாவி தனக்கென்று ஒரு நம்பிக்கைப் பெட்டகம் வைத்திருக்க வேண்டும், அதில் இந்திய அரசின் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழ் இருக்க வேண்டும். இது என்ன பெரிய விஷயமா? பெரிய விஷயம்தான். முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுக்கு உயிர் கொடுப்பதே இந்த மூலச் சான்றிதழ்கள். "இது வங்கியின் தளம்தான்" என்று யாரோ ஒருவர் கையெழுத்துப் போட, அந்த யாரோ ஒருவரை உலாவி நம்ப, அதன் பிறகே பூட்டு. நம்பப்படும் கையெழுத்துக்காரர் தப்பான ஆளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால், நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கிறவருக்கும் அதே பூட்டு விழும்.

இது கற்பனை அல்ல. 2014 ஜூலையில், இந்தக் கட்டுப்பாட்டாளரின் கீழ் சான்றிதழ் வழங்கிவந்த தேசிய தகவல் மையத்திலிருந்து, கூகுளின் பல முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானதைக் கூகுள் கண்டுபிடித்தது. விண்டோஸ் அந்த மூலச் சான்றிதழை நம்பியதால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உள்ளிட்ட பல நிரல்களும் அவற்றை நம்பும் நிலை. கட்டுப்பாட்டாளர் அவசரமாக அந்த இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். அதன் பின் இந்தியச் சான்றிதழ்களைக் குறிப்பிட்ட சில இந்திய முகவரிகளுக்கு மட்டுமே ஏற்பதாகக் குரோம் வேலி போட்டது. பாதிக்கப்படாமல் தப்பியது ஃபயர்ஃபாக்ஸ், காரணம் அதன் சொந்தப் பெட்டகத்தில் அந்தச் சான்றிதழ் இல்லை. கஜகஸ்தான் அரசு 2019-இல் தன் மக்கள் எல்லாரையும் ஒரு மூலச் சான்றிதழை நிறுவச் சொன்னபோது, கூகுளும் மொஸில்லாவும் ஆப்பிளும் சேர்ந்து அதைத் தடுத்தன. எந்த அரசின் பக்கம் நிற்கிறோம் என்பதல்ல இங்கே கேள்வி. வாசற்கதவின் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டாமா? தமிழ்ப் பெயர் கொண்ட உலாவியை நேசிக்கிறவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும். மூலநிரல் முழுவதையும் வெளியில் வை, சரிபார்க்கட்டும் என்று கேட்பது துரோகம் ஆகாது.

அப்படியானால் எதைத்தான் வைத்துக்கொள்வது? உத்தமர் யாரும் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிரேவ், 2020-இல் பைனான்ஸ் என்ற கிரிப்டோ தளத்தின் முகவரியைத் தட்டினால் தன் கமிஷன் குறியீட்டைத் தானாக ஒட்டிவிட்டது. மாட்டிக்கொண்டதும் பிரெண்டன் ஐக் மன்னிப்புக் கேட்டார். அந்தரங்கமே மூச்சு என்று விளம்பரம் செய்த டக்டக்கோவின் உலாவி, ஒப்பந்தம் காரணமாக மைக்ரோசாஃப்டின் பின்தொடர்பாளர்களுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தது 2022 மே மாதம் அம்பலமாகி, ஆகஸ்டில் சரிசெய்யப்பட்டது. ஃபயர்ஃபாக்ஸின் மொஸில்லாவுக்கு வருமானத்தில் பெரும்பங்கு கூகுளிடமிருந்துதான் வருகிறது! 2025 பிப்ரவரியில் உங்கள் தரவை ஒருபோதும் விற்க மாட்டோம் என்ற வாக்கியத்தைத் தன் தளத்திலிருந்து எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது.

இத்தனைக்குப் பிறகும் ஃபயர்ஃபாக்ஸ்தான் என்று சொல்ல நேர்கிறது. மூலநிரல் திறந்து கிடக்கிறது, எவரும் பார்க்கலாம். பின்னால் இருப்பது இலாப நோக்கற்ற அறக்கட்டளை. குரோமியத்தைச் சாராத சொந்த இயந்திரம். ஆண்ட்ராய்டு மொபைலிலும் யூப்ளாக் ஆரிஜினைச் சேர்க்கலாம். ஏழாயிரம் ரூபாய் மொபைலோடும் தினசரி டேட்டா ஒதுக்கீட்டோடும் காலம் தள்ளும் மாணவருக்கு, விளம்பரம் நின்றால் டேட்டாவும் மிச்சம். முகப்பு தமிழிலேயே கிடைக்கும், அது தன்னார்வலர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்தது. தவறு செய்தால் சத்தம் போட ஒரு கூட்டம் இருக்கிறது, சத்தம் போட்டால் ஓரளவு கேட்கவும் செய்கிறது. பிப்ரவரிச் சர்ச்சையில் விதிமுறை வாசகத்தைச் சில நாட்களிலேயே திருத்தினார்கள். இந்தக் காரணங்களுக்கு அடுத்தபடியாகப் பிரேவ். நீட்சிகளைத் தேடிப் போட மாட்டேன் என்கிற சோம்பேறிக்கு அதுவே முதல் இடம், வாங்கியபடியே தடுப்பான் வேலை செய்யும். உலா மூன்றாவது. ஐஃபோன்காரர்கள் சஃபாரியோடு காலம் தள்ளலாம்.

இல்லாத வம்பை எதிர்கொள்கிறவர்களுக்கு, அதாவது புகார், போராட்டம், யாருக்கும் தெரியக் கூடாத நோய் என்று தேடுபவர்களுக்கு, டார் உலாவி ஒன்றே உருப்படியான வழி. மெதுவாகத்தான் இருக்கும். சில தளங்கள் உள்ளே விடாது. உள்ளே போய் சொந்தப் பெயரில் ஃபேஸ்புக்கைத் திறந்தால் எல்லாம் பாழ். வி.பி.என். போட்டால் போதாதா என்பவர்களுக்கு: வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் செர்ட்-இன் உத்தரவிட்டதும், எக்ஸ்பிரஸ், நார்டு, புரோட்டான் போன்ற நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன. பெயர் தெரியாத இலவச வி.பி.என். என்பது நோட்டுப் போடும் ஆளைக் கேரியரிலிருந்து இறக்கி முன் பாரில் உட்கார வைப்பது.

இதில் தமிழர்களுக்கென்றே ஒரு தனி ஆப்பு இருக்கிறது. குக்கியே இல்லாமல் ஆளைக் கண்டுபிடிக்கும் வித்தைக்குக் கைரேகை எடுத்தல் என்று பெயர். திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர வலயம், மொழி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஆள் தனியாகத் தெரிந்துவிடுவார். இ.எஃப்.எஃப். அமைப்பு 2010-இல் சுமார் 4,70,000 உலாவிகளைச் சோதித்ததில் நூற்றுக்கு 83-க்கும் மேற்பட்டவை தனித்தே தெரிந்தன. உலாவியின் மொழியைத் தமிழ் என்று வைத்தால், ஒவ்வொரு தளத்துக்கும் 'எனக்குத் தமிழ் வேண்டும்' என்ற குறிப்பு போகிறது. உலகக் கூட்டத்தில் அப்படிக் கேட்பவர்கள் வெகு சிலர். டி.டி.பி. வேலைக்காகப் பாமினி, செந்தமிழ் என்று வகைவகையாக எழுத்துரு ஏற்றி வைத்திருக்கும் கடைக் கணினி கூட்டத்தில் சிவப்புச் சட்டை போட்ட மாதிரி. இதனால்தான் டார் உலாவி, ஆங்கிலத்தில் பக்கங்களைக் கேட்டால் அடையாளம் மறையும், மாற்றட்டுமா என்று கேட்கிறது. தமிழில் படிக்க வேண்டும் என்ற ஆசைக்கே அந்தரங்கத்தில் வரி! அதற்காகத் தமிழை விட்டுவிட முடியுமா? எல்லாரும் தமிழில் வைத்தால் கூட்டம் பெருகும், தனி ஆள் தெரிய மாட்டார். இப்போதைக்கு அன்றாட உலாவி தமிழில், டார் மட்டும் ஆங்கிலத்தில் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது பிழைக்கும் வழி. இ.எஃப்.எஃப்.பின் 'கவர் யுவர் ட்ராக்ஸ்' பக்கத்தில் யாரும் தங்கள் உலாவியைச் சோதித்துப் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை.

ஜெராக்ஸ் கடை மூலைக்கே திரும்பினால், அங்கே செய்ய வேண்டியது அதைவிட எளிது. ஃபயர்ஃபாக்ஸை நிறுவி, வரலாற்றை நினைவில் வைக்காதே என்ற ஒரே அமைப்பை மாற்றிவிட்டால், மூடும்போதெல்லாம் அது தானாகத் துடைத்துக்கொள்ளும், கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று நச்சரிக்கவும் செய்யாது. பதிவேடு எழுதச் சொல்லும் 2011 விதி எதிலும், வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைச் சேமித்து வை என்று எழுதப்படவில்லை. பாஸ்வேர்டு மறந்து தலையைச் சொறிபவருக்கு ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் போதும், சீட்டு அவர் சட்டைப் பையில் போகட்டும். ஓ.டி.பி.யை வாயால் சொல்லாமல் மொபைலைத் திருப்பிக் காட்டினால் போதும். ஏற்கெனவே சேமித்துக் கிடப்பவற்றைக் கடைக்காரர் ஒரு மத்தியான நேரத்தில் அழித்துவிடலாம். அதுவரை அந்தக் கணினியின் மின்னஞ்சல் பெட்டியில் ஏதாவது ஓர் எழுத்தைத் தட்டிப் பாருங்கள். போன வருடம் குரூப் 4 எழுதியவர்கள் வரிசையாக இறங்கி வருவார்கள்.